சென்னையும் சிங்கப்பூரும்: மாறாத தொலைவும் மாறிய பயணக்காலமும்

முன்னுரை

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான நேர்வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். இன்றைய வானூர்தி இத்தொலைவை நான்கு முதல் நான்கரை மணி நேரத்தில் கடக்கின்றது. இவ்விரு நகரங்களும் எவ்வளவு தொலைவில் உள்ளன, செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று வினவுவார்க்குக் கால அட்டவணைகள் தரும் விடை இவ்வளவே. விடை பிழையன்று, எனினும் வரலாறு பயில்வோர்க்கு அது போதுமானதன்று. மலாயாத் தமிழர் வரலாற்றைக் கப்பற்காலம், விமானக்காலம் என இரண்டாகப் பகுத்து, முன்னது முடிந்த இடத்தில் பின்னது தொடங்கியதாகக் கூறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பாடநூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இப்பகுப்பு ஐயத்திற்கு இடமின்றி ஆளப்படுகின்றது. அது எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

ஆய்வின் வசதி கருதிப் பயணக்காலத்தை மூன்றாகப் பிரித்துக் கொள்வோம். முதலாவது, ஊர்தியின் காலம்: கப்பலோ விமானமோ புறப்பட்டுச் சேரும் வரையில் உள்ளது. இரண்டாவது, செய்தியின் காலம்: கடிதமோ தந்தியோ ஒரு கரையினின்று மறுகரை சேர எடுத்துக்கொள்வது. மூன்றாவது, மனிதரின் காலம்: ஒருவர் செல்ல வேண்டும் என்று முடிவு செய்த நாள் முதல், மறுகரையில் தம் உறவினர் முன் நிற்கும் நாள் வரையில் உள்ளது. காற்றுக்கும் கட்டணத்திற்கும் முகாமிற்கும் அனுமதிக்குமாகக் காத்திருந்த நாள்கள் அனைத்தும் இம்மூன்றாவதில் அடங்கும். கால அட்டவணைகள் முதலாவதை மட்டுமே கூறுகின்றன. தமிழர் வாழ்வை வடிவமைத்தது மூன்றாவதே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஒரே கோடு

வரைபடத்தில் சென்னையையும் சிங்கப்பூரையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு வங்கக் கடலைத் தென்கிழக்காகக் கடந்து, நிக்கோபார்த் தீவுகளின் தென்முனையையும் சுமத்திராவின் வடமுனையையும் ஒட்டிச் சென்று, மலாக்கா நீரிணையின் போக்கிலேயே சிங்கப்பூரை அடைகின்றது. கப்பல்களும் ஏறத்தாழ இவ்வழியையே மேற்கொள்கின்றன. பெரிய நிக்கோபாருக்கும் சுமத்திராவுக்கும் இடைப்பட்ட கால்வாய் வழியாக நீரிணைக்குள் நுழைவது மரபு. ஆதலின் கடல்வழியின் நீளமும் 3,000 கிலோமீட்டரைச் சிறிதே விஞ்சுகின்றது. இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடல்வழியும் வான்வழியும் பல்லாயிரம் கிலோமீட்டர் வேறுபடுவதை நோக்க, இது குறிப்பிடத்தக்க ஒற்றுமை எனலாம்.

இக்கோடு பழமையானது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த கடற்படையெடுப்பில் வெல்லப்பட்ட இடங்களாகக் கூறுவனவற்றுள் இலாமுரி தேசமும் மாநக்கவாரமும் கடாரமும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. இலாமுரி சுமத்திராவின் வடமுனை, மாநக்கவாரம் நிக்கோபார், கடாரம் இன்றைய கெடா. இன்று இவ்வழியே பறக்கும் விமானத்தின் கீழே இவற்றுள் முதலிரண்டும் கிடக்கின்றன. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களுள் காழகத்தினின்று வந்தவற்றையும் சுட்டுகின்றது. அச்சொல்லுக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என உரை கண்டார். வழியும் தொலைவும் பன்னூற்றாண்டுகளாக மாறவில்லை. எனவே, மாறியவற்றை இவ்வழியில் தெளிவாக அளந்தறிய முடிகின்றது.

காற்றின் காலம்

பாய்மரக் காலத்தில் இவ்வழியின் பயணக்காலம் எவ்வளவு என்பதற்குச் சீனத் துறவி இ-சிங் தரும் சான்று விலைமதிப்பற்றது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வூ-ஷிங் என்ற துறவி மேற்கொண்ட பயணத்தை அவர் விவரிக்கின்றார். மலாயுவினின்று கடாரத்திற்கு 15 நாள். கடாரத்தினின்று நாகப்பட்டினத்திற்கு 30 நாள். இவ்விரண்டிற்கும் இடையே அவர் கூறும் ஒரு செய்தி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அத்துறவி குளிர்காலத்தின் இறுதியிலேயே கடாரத்தினின்று மேற்கு நோக்கிக் கப்பலேறினார். மேற்கே செல்ல வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். கிழக்கே வரத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். கப்பலின் காலம் ஒரு மாதமேயாயினும், பயணியின் காலத்தில் பருவத்திற்காகக் காத்திருந்த மாதங்களும் சேர்கின்றன. சென்று மீளுதல் என்பது ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கும் செயலாயிற்று. துறைமுகப் பட்டினங்களில் வணிகர் குடியிருப்புகளும் வழிபாட்டிடங்களும் தோன்றியமைக்கு இக்காத்திருப்பும் ஒரு காரணம் என்று கருதலாம்.

பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டில் பினாங்கில் கும்பினியாரின் குடியேற்றத்தை நிறுவினார். சோழமண்டலக் கரையினின்று ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வருவதாகவும், அவர்கள் வணிகத்தாலும் பல்வகை உழைப்பாலும் சிறிது பொருளீட்டி ஊர் திரும்ப, வேறு சிலர் அவர்கள் இடத்திற்கு வருவதாகவும் அவர் 1794ஆம் ஆண்டில் எழுதினார். வந்து திரும்புதல் என்னும் இவ்வொழுங்கு பருவக்காற்றின் ஒழுங்கேயாகும். இப்பயணிகள் அக்காலத்தில் எல்லைக் கோடு எதனையும் கடந்தவரல்லர் என்பதும் கருதத்தக்கது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867ஆம் ஆண்டு வரை இந்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. அவ்வாண்டில் அவை பிரித்தானியக் குடியேற்ற அமைச்சின் நேரடி ஆட்சிக்கு மாற்றப்பட்ட போதுதான் வங்கக் கடல் ஆட்சி முறையில் ஓர் எல்லையாயிற்று.

நீராவியும் காத்திருப்பும்

நீராவிக் கப்பல் காற்றின் தடையை நீக்கியது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் இவ்வழியில் முதன்மை பெற்றது. அந்நிறுவனத்திற்காகக் கிளாஸ்கோவில் 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல், மலாயாத் தமிழரின் நினைவில் நிலைபெற்ற பெயராகும். தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றும் உரிமம் பெற்றிருந்த அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்னும் துறைகளைத் தொட்டுச் சென்றது.

இங்கே ஓர் எளிய கணக்கு பயன்படும். இத்தகைய கப்பல் மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 1,650 கடல்மைல் தொலைவை இடைநில்லாது கடக்க 138 மணி, அதாவது ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவான நேரம் தேவை. துறைகளில் நின்று ஆளும் சரக்கும் ஏற்றி இறக்குவதையும் சேர்த்தால் ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். இ-சிங்கின் 30 நாளோடு ஒப்பிட இது பெருஞ்சுருக்கம்.

ஆயின், தோட்டப்புறத்திற்கு வந்த தொழிலாளியின் காலம் இவ்வாறு சுருங்கியதா? அவர் தம் ஊரினின்று கங்காணியோடு புறப்பட்டு, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடிபெயர்வு முகாமை அடைந்தார். அங்கே மருத்துவ ஆய்வும் பதிவும் அம்மை குத்துதலும் நிகழ்ந்தன. கப்பல் வரும் வரை முகாமிலேயே தங்கினார். மறுகரையில் பினாங்கின் ஜெரஜாக் தீவிலோ, போர்ட் சுவெட்டன்ஹாம் முகாமிலோ, சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலோ தொற்றுத்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். ஜெரஜாக்கும் செயின்ட் ஜான்ஸும் 1870களிலேயே இப்பணிக்கென ஒதுக்கப்பட்டவை. தளப் பயணிக்கு இக்காவல் பொதுவிதியாக இருந்தது. மேல்வகுப்புப் பயணிக்கு அவ்வாறில்லை. ஒரே கப்பலில் ஒரே நாளில் வந்த இருவரில் ஒருவர் அன்றே நகருக்குள் சென்றார். மற்றவர் தீவில் நாள்களை எண்ணினார். ஊர்தியின் காலம் இருவர்க்கும் ஒன்று. மனிதரின் காலம் வேறு.

திரும்பிச் செல்லும் காலமும் பயணியின் கையில் இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டில் உருவான குடிபெயர்வு நிதி, தோட்ட முதலாளிகளிடம் தண்டிய தொகையிலிருந்து தொழிலாளர்க்குக் கட்டணமின்றிக் கப்பற்பயணம் அளித்தது. சஞ்சிக்கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுற்ற பின் இந்நிதியே ஆட்பெயர்வின் முதன்மை வாயிலாக விளங்கியது. எனினும், வருவதற்கு வழி செய்த அதே ஏற்பாடு ரப்பர் விலை வீழ்ந்தபோது திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. உலகப் பொருளாதார மந்தக் காலத்தில், 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். உதவி பெற்றுக் குடிபெயரும் முறையை இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் தடை செய்தது. ஆகவே, ரஜூலாவின் கால அட்டவணைக்குப் பின்னால் ரப்பர் விலையும் அரசாணைகளும் இருந்தன என்பதை மறத்தற்கில்லை.

செய்தி முந்திய கடல்

இக்காலத்திலேயே செய்தியின் காலமும் மனிதரின் காலமும் முதன்முறையாகப் பிரிந்தன. பாய்மரக் காலத்தில் செய்தியைக் கொண்டுவருபவர் பயணியே. இரண்டும் ஒருங்கே வந்தன. சென்னையினின்று பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடியில் இடப்பட்ட தந்திக் கம்பி 1871ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியதும், ஒரு செய்தி ஒரே நாளில் கடல் கடக்கும் நிலை ஏற்பட்டது. ஆனால் அச்செய்தியைப் பெற்றவர் கடல் கடக்க, அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்த நாள்களோடு மேலும் ஒரு வாரம் ஆயிற்று.

இப்பிளவின் பொருளை இறப்புச் செய்தி நன்கு உணர்த்தும். தமிழர் வழக்கில் ஈமச்சடங்கு பெரும்பாலும் அன்றோ மறுநாளோ முடிந்துவிடும். கடிதம் மட்டுமே இருந்த காலத்தில், தந்தை இறந்த செய்தி மகனுக்கு எட்டும்போது சடங்குகள் யாவும் முடிந்திருக்கும். அவர் செய்யக்கூடியது துக்கம் காத்தல் ஒன்றே. தந்தி வந்த பின்னர், உடல் எரியூட்டப்படுவதற்கு முன்பே அவர் அதனை அறிய இயலும். ஆயினும் சென்றடைய இயலாது. அறியாமையால் வர இயலாமற்போவது ஒன்று. அறிந்தும் வர இயலாமற்போவது மற்றொன்று. அறிவியல் முன்னேற்றம் தொலைவைக் குறைத்தது என்பது பொதுவாகக் கூறப்படும் உண்மை. அது முதலில் தொலைவை உணரச் செய்தது என்பதும் அதனோடு சேர்த்துக் கூறப்பட வேண்டிய உண்மையாகும். சாதாரணத் தொழிலாளிக்குத் தந்திக் கட்டணமே பெருஞ்செலவு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

சென்னையை விலக்கிய வான்வழி

வானூர்திக் காலம் சென்னைக்குத் தாமதமாக வரவில்லை. ஜே. ஆர். டி. டாட்டா 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியினின்று பம்பாய்க்குக் கொண்டுவந்த அஞ்சல் விமானத்தை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் இலண்டனினின்று வரும் இம்பீரியல் ஏர்வேஸ் சேவை சிங்கப்பூர் வரை நீட்டிக்கப்பட்டது. இவ்வாறு 1933ஆம் ஆண்டின் இறுதியில் இரு நகரங்களும் வானூர்தி வலைப்பின்னலுள் இடம் பெற்றன. எனினும் ஒன்றையொன்று இணைக்கும் வான்வழி அவற்றிற்கு இல்லை.

காரணம் தெளிவானது. அக்கால விமானங்கள் குறுகிய தொலைவே இடைநில்லாது பறக்க வல்லவை. கிழக்குப் பாதையில் இயங்கிய அட்டலாண்டா வகை விமானம் ஏறத்தாழ ஒன்பது பயணிகளையே ஏற்றிச் சென்றது. சென்னைக்கும் நிக்கோபாருக்கும் இடையே 1,500 கிலோமீட்டருக்கும் மேலாகத் தரையிறங்க இடமில்லாத கடல் விரிந்துள்ளது. ஆதலின் வான்வழி நிலத்தைப் பற்றிக்கொண்டே வந்தது: கல்கத்தா, அக்யாப், இரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார், சிங்கப்பூர். கல்கத்தா இப்பாதையின் நிலையமாயிற்று. சென்னை ஒதுங்கி நின்றது. சென்னைப் பயணி சிங்கப்பூருக்குப் பறக்க விரும்பினால் முதலில் வடக்கே கல்கத்தா செல்ல வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாகக் கப்பல் சென்ற நேர்கோட்டை விமானத்தால் பின்பற்ற இயலவில்லை.

சிங்கப்பூரில் காலாங் விமான நிலையம் 1937 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அதே ஆண்டிலும் சென்னைத் துறைமுகத்தில் தளப் பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு வரிசையில் நின்றனர். விமானக்காலம் தொடங்கிய பின்னும் அவர்களுக்குக் கப்பற்காலமே நீடித்தது.

அறுந்த கோடு

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் இரு கரைகளுக்கும் இடையே கப்பலும் இல்லை. வழக்கமான அஞ்சலும் இல்லை. ஜப்பானியர் சிங்கப்பூரின் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்திற்கு மாற்றினர். நேரக் கணக்கிலும் சிங்கப்பூர் சென்னையைவிட்டு மேலும் விலகியது. சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரில் பல்லாயிரவர் மாண்டனர். தமிழகத்திலிருந்த குடும்பங்கள் போர் முடியும்வரை அச்செய்தியை அறிய வழியில்லை. செய்தியின் காலமும் மனிதரின் காலமும் மீண்டும் ஒன்றாயின; ஆனால் இம்முறை இரண்டும் முடிவற்றவையாயின. ரஜூலாவின் உடன்பிறப்புக் கப்பலாகிய ரோனா, 1943 நவம்பர் 26ஆம் நாள் நடுநிலக் கடலில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் மூழ்கியது; ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர் உயிரிழந்தனர். ரஜூலாவும் போர்ப்பணியில் ஈடுபடுத்தப்பட்டுத் தப்பி மீண்டது.

விரைவும் தடையும்

போருக்குப் பின் இரு மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. ஏர்-இந்தியா 1954ஆம் ஆண்டில் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களைக் கொண்டு சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கியது. மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பறக்கும் இவ்வகை விமானத்திற்கு 2,900 கிலோமீட்டர் ஆறு மணி நேரப் பயணமாகும். கடலை நேராகக் கடக்கும் ஆற்றல் வானூர்திக்கு வாய்த்துவிட்டது.

இம்மாற்றத்திற்கு ஓராண்டு முன்னதாகவே மற்றொன்று நிகழ்ந்திருந்தது. மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரிலும் இத்தகைய கட்டுப்பாடு வந்தது. அதுவரை ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டுச் சில ஆண்டுகளுக்கொருமுறை சென்று வந்த தொழிலாளர், இனி அவ்வாறு தடையின்றி வந்து போக இயலாதென அறிந்தனர். தொழில் தேடி வருவோர்க்குக் கதவு ஏறத்தாழ அடைபட்டது. ஒருபுறம் ஒரு வாரம் ஆறு மணி நேரமாகச் சுருங்குகின்றது. மறுபுறம் கடப்பதற்கான உரிமையே சுருங்குகின்றது. இவற்றைத் தனித்தனியே படிப்பவர்க்கு முன்னது போக்குவரத்து வரலாறாகவும் பின்னது அரசியல் வரலாறாகவும் தோன்றும். இவ்விரண்டையும் ஒருசேர நோக்கினாலன்றித் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வரலாறு விளங்காது.

ஏர்-இந்தியா 1960ஆம் ஆண்டில் போயிங் 707 ஜெட் விமானத்தைப் பெற்றது. 1962ஆம் ஆண்டில் ஜெட் விமானங்களை மட்டுமே இயக்கும் நிறுவனமாயிற்று. மணிக்கு 900 கிலோமீட்டரை நெருங்கிப் பறந்த ஜெட்டுக்கு இத்தொலைவு நான்கு மணி நேரத்தை ஒட்டியது. இங்கே ஓர் உண்மையை வலியுறுத்த விரும்புகின்றோம். அன்றுதொட்டு இன்றுவரை ஊர்தியின் காலம் குறையவேயில்லை. இன்று இவ்வழியிற் பறக்கும் சிறிய ஏர்பஸ், போயிங் விமானங்கள் 707ஐ விட விரைவானவை அல்ல. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் குறைந்தவையும் கூடியவையும் வேறு: கட்டணம், விமானங்களின் எண்ணிக்கை, புறப்படும் ஊர், நுழைவு விதி.

ரஜூலாவுக்குப் பின்

ஜெட் விமானம் வந்த பின்னரும் ரஜூலா ஒரு பத்தாண்டுக்கு மேலாக ஓடியது. விமானக் கட்டணம் எட்டாக்கையில் இருந்தமையும், ஆண்டுக்கணக்கில் சேர்த்த பொருள்களை விமானத்தில் கொண்டு செல்ல இயலாமையும் இதற்குக் காரணங்களாகும். 1969ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் குடியுரிமையற்றோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்னும் விதி செயற்படுத்தப்பட்டது. சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டப்புறங்களில் வாழ்ந்த பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். வானில் ஜெட் விமானம் நான்கு மணி நேரத்தில் கடந்த கடலை, வாழ்நாள் உழைப்பைப் பெட்டியிற் கட்டிக்கொண்டு திரும்பியவர் கப்பலின் தளத்தில் நாள்கணக்கில் கடந்தனர். அவர்களுட் பலர்க்கு அது ஒருவழிப் பயணம். மலாயாவிற் பிறந்த பிள்ளைகளுக்கோ அது முன்பின் அறியாத ஊருக்குத் திரும்புதல்.

ரஜூலா 1973ஆம் ஆண்டில் இந்தியக் கப்பற் கழகத்திற்கு விற்கப்பட்டு, மறு ஆண்டில் உடைக்கப்பட்டது. அதன் இடத்தை அக்கழகத்தின் எம்.வி. சிதம்பரம் ஏற்றது. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தை எதிர்த்து 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட வ.உ. சிதம்பரனாரை அப்பெயர் தமிழ் வாசகர்க்கு நினைவூட்டாமற் போகாது. எந்த நிறுவனம் அவரது முயற்சியை நசுக்கியதோ, அதே நிறுவனத்தின் வழித்தடத்தில் சிதம்பரம் என்னும் பெயர் தாங்கிய கப்பல் ஓடியது. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரி 12ஆம் நாள் நிகழ்ந்த தீவிபத்து உயிர்களைப் பலி கொண்டது. அதனோடு இவ்வழியின் பயணிகள் கப்பற்சேவை முடிவுற்றது. 1954ஐத் தொடக்கமாகக் கொண்டால், விமானமும் கப்பலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வழியில் உடனிருந்தன. கப்பற்காலம் முடிந்து விமானக்காலம் தோன்றியது என்னும் பகுப்பு இதனால் தளர்வடைகின்றது. அவை இரண்டு காலங்கள் அல்ல. ஒரே காலத்தில் வாழ்ந்த இருவகை மனிதரின் அளவுகோல்கள்.

கடிகாரமும் மேற்காற்றும்

பயணக்காலத்தைக் கணிப்போர் இரு நுட்பங்களைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, நேர வேறுபாடு. தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 தொடக்கத்தில் தம் கடிகாரங்களை அரை மணி முன்னகர்த்தின. அதுவரை இந்திய நேரத்தோடு இரண்டு மணியாக இருந்த வேறுபாடு அன்று முதல் இரண்டரை மணியாயிற்று. ஆகவே, 1982க்கு முற்பட்ட அட்டவணையையும் பிற்பட்ட அட்டவணையையும் உள்ளூர் நேரங்களை மட்டும் கொண்டு ஒப்பிடுபவர், சிங்கப்பூர் நோக்கிய பயணம் அரை மணி நீண்டதாகவும் சென்னை நோக்கிய பயணம் அரை மணி குறைந்ததாகவும் தவறாக முடிவு செய்யக்கூடும்.

மற்றொன்று, காற்று. தென்மேற்குப் பருவக் காலத்தில் கடல்மட்டக் காற்று பாய்மரத்தைக் கிழக்கே தள்ளியது. ஆனால் அதே மாதங்களில் மிக உயரத்தில், தென்னிந்தியாவின் மேல், காற்று கிழக்கினின்று மேற்கே விரைந்து வீசுகின்றது. இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இக்கீழைத் தாரைக்காற்றை விளக்கியது. ஆதலின், சோழர்காலக் கப்பல் சிங்கப்பூர்த் திசைக்கு உகந்ததெனக் கொண்ட பருவமே, இன்றைய விமானம் சென்னைத் திசையில் சற்று விரைவாகப் பறக்க உதவும் பருவமாகின்றது. காற்று இன்றும் உள்ளது. அது மாதங்களை ஆண்ட நிலை மாறி நிமிடங்களையே கூட்டிக் குறைக்கின்றது.

அண்மைக் காலம்

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் குறைந்த கட்டண விமானங்கள் பெருகின. அவற்றின் சிறப்பு விரைவன்று, கட்டணமும் இடமுமாகும். திருச்சிராப்பள்ளியினின்று நேராகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பறக்க முடிந்தமை, தஞ்சை, புதுக்கோட்டை, திருச்சி வட்டாரப் பயணியைச் சென்னைவரை செல்லும் இரவுப் பயணத்தினின்று விடுவித்தது. வானில் ஒரு நிமிடமும் குறையாமலே மனிதரின் காலம் அரை நாள் குறைந்தது.

ஆயின் 2020ஆம் ஆண்டு மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. கொவிட் தொற்றினால் இந்தியா 2020 மார்ச் 23 முதல் வழக்கமான அனைத்துலக விமானச் சேவைகளை நிறுத்தியது. அவை 2022 மார்ச் 27ஆம் நாளே முழுமையாக மீண்டன. இடைப்பட்ட காலத்தில் சிறப்பு விமானங்களில் இடம்பெறப் பதிவு, காத்திருப்பு, மருத்துவச் சோதனை, சேர்ந்தபின் 14 நாள் தனிமை என்னும் ஒழுங்கைப் பயணிகள் கண்டனர். ஆவடி முகாமும் ஜெரஜாக் தீவும் வேறு வடிவில் மீண்டன எனலாம். பெற்றோரின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்ட பிள்ளைகள் இரு கரைகளிலும் உண்டு. செய்தியின் காலம் முற்றிலும் மறைந்து, நிகழ்வையே கண்முன் காட்டிய நாளில், நான்கு மணி நேரத் தொலைவு கடக்க முடியாததாயிற்று. 1871ஆம் ஆண்டின் தந்தி தொடங்கிவைத்த பிளவு, அதன் இறுதி எல்லையை இங்கே எட்டியது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகளைப் பெற முடிகின்றது. முதலாவதாக, சென்னை–சிங்கப்பூர் வழி, கடலிலும் வானிலும் ஏறத்தாழ ஒரே கோடாக இருந்தும், அதன் பயணக்காலம் ஒரு காலத்திலும் எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. இரண்டாவதாக, ஊர்தியின் காலம் 1960களிலேயே தன் எல்லையை எட்டிவிட்டது. அதன் பின் நிகழ்ந்த மாற்றங்கள் யாவும் கட்டணத்தாலும் சட்டத்தாலும் ஆனவை. மூன்றாவதாக, செய்தி விரைவு பெறப் பெற, அதனை அறிந்தும் செல்லவியலாதோரின் துயர் மிகுந்தது.

தமிழாசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதாகப் பயன்படுத்தலாம். மாணவர் தம் குடும்பத்தில் முதன்முதல் கடல் கடந்தவர் எந்த ஊரினின்று, எத்துறை வழியாக, எந்த ஆண்டில் வந்தார், மீண்டும் ஊர் சென்றாரா, செல்லவில்லையெனில் தடுத்தது எது என்று வீட்டில் கேட்டு எழுதச் செய்யலாம். ரஜூலாவின் தளத்தில் இளமையில் பயணம் செய்தோர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். கப்பலின் எடையும் வேகமும் ஆவணங்களில் நிலைத்திருக்கும். அவர்கள் காத்திருந்த நாள்களின் கணக்கோ அவர்தம் நினைவில் மட்டுமே உள்ளது. அதனைக் கேட்டுப் பதிவு செய்வதற்கு நமக்கு எஞ்சியுள்ள காலம் மிகச் சிறிது.